சிவப்பு அட்டை வாங்கிய தெரு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் செவிலியர்களுக்கு ஊக்கம் தரும்படி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஊக்கம் என்னிடம் கையிருப்பு இல்லை. காஞ்சிபுரத்திலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் முப்பத்தைந்து வருடம் சுகாதாரச் செவிலியராக அலைந்து ஓய்வு பெற்றவளிடம் மிச்சம் இருப்பவை முட்டி வலியும் செய்த தப்புகளும்தான். முட்டி வலி உங்களுக்குத் தானாக வந்து சேரும். ஆகவே தப்பைச் சொல்கிறேன்.

ஊசி போடுவது, பதிவேடு எழுதுவது எல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதற்குள் நான் போகவில்லை. நல்லபடியாக நடமாடிக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கு மறதி நோய் என்று முத்திரை குத்தி, எந்நேரமும் கதவு பூட்டியிருக்கும் ஒரு காப்பகத்துக்கு வேனில் ஏற்றி அனுப்பும் வரை கொண்டுபோனேன். அந்தக் கதை மட்டும் போதும்.

நான் ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தபோது எங்கள் பகுதிக்கு ஒரு திட்டம் வந்தது. அறுபது தாண்டியவர்களின் தூக்கத்தைக் கணக்கெடுக்கும் திட்டம். தூக்கம் கெட்டுப்போன முதியவர்களுக்குப் பிற்காலத்தில் அல்சைமர் என்கிற மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றனவாம். எல்லாரையும் இப்போதே ஒழுங்காகத் தூங்க வைத்துவிட்டால் நோயை வாசலிலேயே மடக்கிவிடலாம் என்று ஏதோ ஒரு ஏசி அறையில் யோசித்திருக்கிறார்கள். யோசனையில் குற்றமில்லை. பெரிய டாக்டர்களும் தூக்கத்தையும் நினைவையும் சேர்த்துத்தான் பேசுகிறார்கள். அதை எட்டுக் கேள்வியாகச் சுருக்கி, செல்போன் செயலியில் ஏற்றி, என் போன்றவளிடம் கொடுத்ததில்தான் வினை ஆரம்பித்தது.

எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், விடியும் முன்பே விழிப்பு வருகிறதா, வந்தால் மறுபடி தூங்க முடியவில்லையா, பகலில் தூங்குகிறீர்களா, குறட்டை உண்டா, இடையில் எழுகிறீர்களா, எழுந்ததும் அசதி இருக்கிறதா. இவைதான் அந்த எட்டு. நேரத்தைச் சொன்னால் அது சரியா தப்பா என்று செயலியே முடிவு செய்யும். நான்கு தப்பு விழுந்தால் திரை சிவப்பாகும். உடனே ஒரு சிவப்பு அட்டையை எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். தேறியவர்களுக்குப் பச்சை அட்டை. ஆம், இல்லை என்று இரண்டே பொத்தான்கள். "தெரியாது" என்று அமுக்க இடமே கிடையாது. அது பெரிய குறை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. சீக்கிரம் வேலை முடிகிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

எனக்கு ஒதுக்கியது பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர்கள் குடியிருக்கும் ஒரு தெரு. தறியில் ஏற்றும் நீள இழைகளைப் பாவு என்பார்கள். அந்தப் பாவைத் தெரு நீளத்துக்கும் விரித்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை பிரித்துக் காயவிட வேண்டும். வெயில் ஏறினால் வேலை கெடும். வண்டிகள் வந்தால் தெருவே கிடைக்காது. அதனால் அந்தத் தெருவில் மூன்றரை மணிக்கே விளக்கு எரியும். எழுந்து கஞ்சி காய்ச்சி, முதல் வெளிச்சத்தில் பாவை விரித்துவிடுவார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுத் தறியோரமாக ஒரு மணி நேரம் கண் அயர்வார்கள். பாட்டன் காலத்திலிருந்து இதுதான் அங்கே நடப்பு.

செயலிக்கு அதெல்லாம் தெரியுமா? விடியும் முன் விழிப்பு, ஆம். மறுபடி தூக்கமில்லை, ஆம். பகல் தூக்கம், ஆம். எழும் நேரம், தப்பு. இருபத்திரண்டு முதியவர்களைக் கேட்டேன். இருபத்தொரு பேர் சிவப்பு. ஒரு தெருவே மறதி நோயின் வாசலில் நிற்கிறது என்று நான் பதறிப்போனேன். இத்தனைக்கும் நான் திருமுக்கூடல் பக்கத்து விவசாயக் குடும்பம். என் அப்பா மூன்று மணிக்கு எழுந்து மண்வெட்டியோடு தண்ணீர் பாய்ச்சப் போனவர். எண்பத்தாறு வயதில் சாகும் வரைக்கும் எந்த வயலுக்கு எப்போது மடை திறந்தது என்று தேதி வாரியாகச் சொன்னவர். செயலி கையில் இருந்தபோது எனக்கு அப்பா ஞாபகமே வரவில்லை.

ஒரே பச்சை அட்டை, தறி இல்லாத ஒரு வீட்டில் தனியாக இருந்த ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு. எட்டு மணிக்குப் படுத்தால் காலை ஏழுக்குத்தான் எழுவாராம். "உங்களப் பாத்து இந்தத் தெருவே கத்துக்கணும் டீச்சர்" என்று கை குலுக்கிவிட்டு வந்தேன். அந்த அம்மாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பில் முதல் அட்டை ஏகாம்பரத்துக்கு. எழுபத்து மூன்று வயது. மூன்று மணிக்கு எழுந்து, குளித்து, விபூதி பூசி, மூன்றரைக்குள் வரிசையாக எல்லா வீட்டுக் கதவையும் தட்டி எழுப்புவது அவர் வேலை. யாரும் நியமித்ததில்லை, பதினைந்து வயதிலிருந்து தட்டிக்கொண்டிருக்கிறார். பாவு விரிக்கும்போது எந்த முனையை யார் பிடிப்பது என்று குரல் கொடுப்பவரும் அவர்தான். கேள்வி கேட்கப் போனவளை அவர் கேள்வி கேட்டார்.

"மூணு மணிக்கு எழுந்துட்டு அப்புறம் தூக்கம் வராதா உங்களுக்கு?"

"அப்புறம் எப்படிம்மா தூங்கறது? பாவு யாரு போடுவாங்க, உங்க ஆபீசரா?"

"ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க."

"இன்னான்னு சொல்றது? முழிப்பு வருது. வரணும்னுதான் வருது."

நான் "ஆம்" அமுக்கினேன். சிவப்பு அட்டையைக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரு முனைப் பிள்ளையார் கோயில் எதிரே மைக் வைத்து விழிப்புணர்வுக் கூட்டம். தூக்கத் திட்டத்துக்கு விழிப்புணர்வுக் கூட்டம் என்று பெயர் வைத்தவரை நான் பார்க்க ஆசைப்பட்டேன், கிடைக்கவில்லை. நான்தான் பேசினேன். நன்றாகவே பேசினேன், அதுதான் தொல்லை. "தூக்கம் கொறைஞ்சா மூளையில குப்ப சேரும். குப்ப சேந்தா மறதி நோய் வரும். பெத்த புள்ளையே யாருன்னு தெரியாமப் பூடும்" என்று அடித்துவிட்டேன். "வரலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். வரலாம் என்று சொன்னால் கூட்டம் கேட்பதில்லை. முத்தாய்ப்பாக, "நம்ம ஊர்ல அத்திவரதர் நாப்பது வருஷம் குளத்துக்குள்ள படுத்துத் தூங்கறாரு. எழுந்து வந்தா ஒரு பக்தனையாவது மறக்கறாரா?" என்றேன். கைதட்டல் அள்ளியது.

ஏகாம்பரம் மட்டும் தட்டவில்லை. "அவருக்கு இன்னா நர்ஸம்மா, காலையில பாவு போடணுமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பெருந்தன்மையாகச் சிரித்து வைத்தேன்.

கூட்டத்தில் சிரிக்காத இன்னொருவன் அவர் மகன் குமரன். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் நைட் ஷிப்ட். அன்றும் நைட் ஷிப்ட் முடித்து, கண் சிவந்து நேராக வந்து நின்றான். "மூணு மணி நேரம், நாலு மணி நேரம் தூங்குனா நெசமாவே வந்துடுமா சிஸ்டர்?" என்று கேட்டான். அப்பாவுக்காகக் கேட்கிறான் என்று நினைத்து "ஆமாம்பா" என்றேன். மாதம் முழுக்கத் தூக்கம் கெட்டது அவனுக்குத்தான். ஆனால் திட்டம் அறுபது தாண்டியவர்களுக்கு மட்டும். அவன் தூக்கத்துக்கு எந்தத் துறையிலும் அட்டை கிடையாது.

மூன்று வாரம் கழித்து, ஓர் அமாவாசைக் காலையில், குமரனின் மனைவி சுமதி என்னைத் தேடிச் சுகாதார நிலையத்துக்கு ஓடி வந்தாள். அமாவாசையன்று அந்தத் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள், பாவும் விரிக்க மாட்டார்கள். நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட அது தெரியும்.

"அமாவாசையும் அதுவுமா எல்லார் வூட்டுக் கதவையும் தட்டிட்டாரு சிஸ்டர். தட்டிக்கினே போயி, பக்கத்துத் தெருவுலயும் தட்டியிருக்காரு. காய்ச்சுன கஞ்சிய வாசல்ல ஊத்திட்டு நின்னுக்கினு இருக்காரு. என்னப் பாத்து எங்க அத்த பேரச் சொல்லிக் கூப்புடறாரு. அத்த போயி ஆறு வருஷம் ஆவுது." சொல்லிக்கொண்டே அழுதாள்.

பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏகாம்பரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாக்கு வறண்டு பேச்சு குழறியது. ஐந்து வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னேன்; ஒன்று வந்தது. கிழமை கேட்டேன், தப்பாகச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னேன்; பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். செயலி "தீவிர சந்தேகம்" என்று ஒலி எழுப்பியது. எனக்குள் என்ன தோன்றியது என்று மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பாவமாக இருந்தது, அதோடு, நான் சொன்னது பலித்துவிட்டது என்று ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. இந்தப் பெருமை உங்களுக்கும் ஒரு நாள் வரும். வந்தால் அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்.

திட்டத்துக்கு ஓர் இளம் ஒருங்கிணைப்பாளர் இருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, இரண்டு போன். செய்தியைச் சொன்னதும், "சூப்பர் மேடம்! நம்ம மாவட்டத்துலயே ஃபர்ஸ்ட் கேஸ்!" என்று துள்ளினார். பத்து நாளில் கல்யாண மண்டபத்தில் விழா ஏற்பாடு ஆனது. ஒரகடத்தைத் தாண்டி மறதி நோயாளிகளுக்காக ஒரு காப்பகம் திறந்திருந்தார்கள். முதல் நோயாளி ஒருவருக்கு இலவசமாகப் படுக்கை தருவதாக அதன் உரிமையாளர் சொல்ல, விழா மேடையிலேயே ஏகாம்பரத்துக்குச் சால்வை, தலையணை, சேர்க்கை ஆணை மூன்றையும் கொடுத்து, அங்கிருந்தே வேனில் அழைத்துப் போவதென்று முடிவு செய்தார்கள். நைட் ஷிப்ட் போகிற மகன், புடவைக் கடைக்கு வேலைக்குப் போகிற மருமகள். அப்பா ரோட்டில் இறங்கிப் போய் லாரியில் அடிபட்டுவிடுவாரோ என்ற பயத்தில் இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பயத்தை ஊட்டியவள் நான்.

விழாவுக்கு முதல் நாள் மாலை, காப்பகத்தின் படிவத்தை நிரப்ப அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஏகாம்பரம் மூலையில் பாதிக் கண் மூடி உட்கார்ந்திருந்தார். "நான் எங்கம்மா போறேன்?" என்று கேட்டார். "கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட்டுங்க" என்றேன். இத்தனை வருட வேலையில் நான் வெட்கப்படும் வாக்கியங்களில் அதுதான் முதலாவது.

அந்தப் படிவத்தில் "சாப்பிடும் மருந்துகள்" என்று ஒரு கட்டம் இருந்தது. என் செயலியில் இல்லாத கட்டம். அதைப் பார்த்ததும், நான் படித்த காலத்தில் வார்டில் இருந்த வயதான மேட்ரன் நினைவுக்கு வந்தார். கடுகடுவென்று இருப்பார்; நாங்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. வயசானவர் யாராவது குழப்பமாகப் பேசுகிறார் என்று நாங்கள் ஓடிப் போய்ச் சொன்னால், டாக்டரைக் கூப்பிடும் முன்பே, "பையக் கொட்டுடி" என்பார். நோயாளி கொண்டுவந்த மாத்திரைப் பையைக் கட்டிலில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பாதிக் குழப்பம் பையிலிருந்தே விழும். எட்டுக் கேள்வி கையில் வந்ததும் நான் அவரை மறந்தேன். சிவப்பு அட்டை யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

"மாத்திரப் பையக் கொண்டாம்மா" என்றேன். சுமதி கொண்டுவந்தாள். பாயில் கொட்டினேன். பிரஷர் மாத்திரை, வாயு மாத்திரை. அடுத்து ஒரு பட்டை, அதே மாதிரி இன்னொன்று, காலியானவை நாலைந்து. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். உடம்பில் அரிப்பு வந்தால் கொடுக்கும் பழைய மாத்திரை. சாப்பிட்டால் தூக்கம் அடிக்கும். வயசானவர்களுக்குக் கொடுத்தால் வாய் வறண்டு, புத்தி கலங்கி, ஆளே மாறிப் போகலாம்.

"யாருக்கும்மா அரிப்பு?" என்று கேட்டேன்.

"யாருக்கும் இல்ல சிஸ்டர். அது மாமாவுக்குத் தூக்கத்துக்கு. நீங்கதான கூட்டத்துல சொன்னீங்க, தூங்கலன்னா மறந்துடும்னு. இவரு மெடிக்கல்ல போயி தூக்க மாத்திர கேட்டாரு. டாக்டர் சீட்டு இல்லாம அதக் குடுக்க மாட்டேன், நான் நேர்மையானவன்னு சொல்லிட்டு, இதக் குடுத்தாரு கடக்காரரு. மொதல்ல ஒண்ணு போட்டோம். அப்பவும் மூணு மணிக்கு எழுந்துக்கினாரு. அதான் ரெண்டாக்குனோம்."

நான் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டேன். தலையில் அடித்துக்கொள்ளக்கூடக் கை வரவில்லை. ஐம்பத்தெட்டு வருடமாக மூன்று மணிக்கு எழுந்த உடம்பு, தூக்க மயக்கத்திலும் மூன்று மணிக்கு எழுந்திருக்கிறது. கண் திறந்தது, மூளை திறக்கவில்லை. அந்த நிலையில் பழக்க தோஷத்தில் கதவு கதவாகத் தட்டியிருக்கிறார். அதைத்தான் நான் நோய் என்று எழுதினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் நினைவுப் பிரிவுக்கு வந்திருந்த இளம் பெண் டாக்டருக்குப் போன் செய்தேன். மாத்திரை பெயரைச் சொன்னதும் அவர் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. "அத உடனே நிறுத்தச் சொல்லுங்க சிஸ்டர். வேன்ல ஏத்தாதீங்க, என்கிட்ட கூட்டிட்டு வாங்க. ரத்தமெல்லாம் பாத்து, கொஞ்ச நாள் விட்டு மறுபடி டெஸ்ட் பண்ணாத்தான் எதையும் சொல்ல முடியும்" என்றார்.

ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தேன். "மேடம், பேனர்ல அவர் போட்டோ போட்டாச்சு. சீஃப் கெஸ்ட் வர்றாரு. விழா முடியட்டும், அப்புறமா பாத்துக்கலாம்" என்றார். அப்புறம் என்றால் ஏகாம்பரம் பூட்டுக்கு உள்ளே இருப்பார். குமரனுக்குச் சொல்லலாம் என்றால், கம்பெனியில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். "நீங்களே அவருகிட்ட சொல்லுங்க சிஸ்டர். நான் சொன்னா, போன்ல சிவப்பா வந்துதேன்னுதான் சொல்வாரு" என்றாள் சுமதி.

காலையில் நான் மண்டபத்துக்குப் போவதற்குள் கார் அனுப்பி ஏகாம்பரத்தை மேடையில் உட்கார வைத்துவிட்டார்கள். முந்தின இரவு மாத்திரை போடவில்லை. ஆனாலும் மயக்கம் முழுக்கத் தெளியவில்லை. மடியில் தலையணை. அதில் திட்டத்தின் சின்னம். வாசலில் பூமாலை போட்ட வேன். வேனுக்குப் பக்கத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்த குமரன், அப்பாவின் துணிப் பையோடு நின்றான். ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அப்போ நைனாவுக்கு நோய் இல்லையா?"

"தெரியலப்பா."

"இருக்குன்னு நீங்கதான சிஸ்டர் எழுதிக் குடுத்தீங்க? இருக்குதா, இல்லையா, ஒண்ணு சொல்லுங்க."

"இப்போ தெரியாது. மாத்திர எறங்குனப்புறம்தான் தெரியும்."

"தெரியாமயா எழுதுனீங்க?" அவன் துணிப் பையைக் கீழே வைத்தான். "மைக்குல சொல்லித்தான எங்களப் பயமுறுத்துனீங்க. இதையும் மைக்குலயே சொல்லுங்க. அப்பத்தான் நான் நம்புவேன்."

அவன் கேட்டது நியாயம். உள்ளே போனேன். தூக்கத்தின் அருமையைப் பற்றி ஒருங்கிணைப்பாளர் நாற்பது நிமிடமாகப் பேசிக்கொண்டிருந்தார். சிறப்பு விருந்தினர் மேடை நடுவில், மோவாய் மார்பில் படிய, அதைச் செய்தே காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு முறை லேசாகக் குறட்டையும் வந்தது. பகல் தூக்கம், குறட்டை இரண்டுக்கும் ஆம் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

"அடுத்து நம் முன்களப் பணியாளர்" என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஓய்வூதியம் நிற்குமா, விசாரணை வருமா என்றெல்லாம் மேடைப் படி ஏறும்போதே யோசித்தேன். மைக்கைப் பிடித்தேன்.

"இவருக்கு மறதி நோய்னு நான்தான் எழுதிக் குடுத்தேன். அது தப்பு. என் பேச்சக் கேட்டுப் பயந்து இவருக்குக் குடுத்த மாத்திரையாலதான் இப்படி ஆயிருக்கணும். இவருக்கு நோய் இருக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. விடிய முன்ன எழுந்துக்கறது நோய் இல்ல. இந்தத் தெருவுல நான் குடுத்த சிவப்பு அட்ட அத்தனையும் தப்பு. யாரும் யாருக்கும் மாத்திர வாங்கிக் குடுக்காதீங்க."

மண்டபமே அடங்கிவிட்டது. அந்த அமைதியில் சிறப்பு விருந்தினர் திடுக்கிட்டு விழித்தார். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பலமாகக் கை தட்டினார். அவர் தட்டியதும் மேடையில் இருந்தவர்கள் தட்டினார்கள். மேடை தட்டியதும் கூட்டம் தட்டியது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த இரண்டாவது பெரிய கைதட்டல், செய்த தப்பை ஒத்துக்கொண்டதற்கு.

தட்டல் ஓய்ந்தபோது ஏகாம்பரம் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "அப்போ நான் வூட்டுக்குப் போலாமாம்மா?" என்றார். மைக் அதையும் பிடித்துக்கொண்டது. குமரன் மேடையேறி, சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, அப்பாவைக் கையைப் பிடித்து இறக்கினான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தலையணையை மட்டும் ஏகாம்பரம் விடவில்லை.

பத்தொன்பது நாளில் அவர் தெளிந்தார். டாக்டர் மறுபடி சோதித்தபோது ஐந்து வார்த்தையில் நான்கு வந்தன. கடிகாரத்தில் மூன்றரை மணி வரைந்தார். விட்டுப்போன அந்த ஒரு வார்த்தைக்காக டாக்டர் இன்னமும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவரைப் பார்க்கிறார். நான் டாக்டரிடம் வெளிப்படையாகவே கேட்டேன், தூக்கத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று. "உண்டு சிஸ்டர். ரெண்டும் சேர்ந்தே நடக்குது. ஆனா தூக்கம் கெட்டதால நோய் வந்துதா, நோய் உள்ள ஆரம்பிச்சதால தூக்கம் கெட்டுதா, அத ஒரு ஆளப் பாத்து யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. எத்தன மணின்னு கேக்காதீங்க. முன்ன எப்படி இருந்தாரு, இப்போ என்ன மாறிச்சுன்னு கேளுங்க" என்றார். இந்த வரியை மட்டும் நீங்கள் அடிக்கோடிட்டுக் கொள்ளலாம்.

அலுவலகம் என்னைச் சும்மா விடவில்லை. பதிவில் ஒரு நோயாளி குறைவது ஏன் என்று விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. நான் நாலு பக்கம் எழுதினேன். தவறாகச் சேர்த்தவரை நீக்க அவர்கள் பட்டியலில் இடம் இல்லையாம். யோசித்து யோசித்து, "குணமடைந்தவர்: 1" என்று பதிந்தார்கள். உலகத்தில் எவராலும் குணப்படுத்த முடியாத நோயை எங்கள் பகுதி பத்தொன்பது நாளில் குணப்படுத்தியது. ஒருங்கிணைப்பாளருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது.

இதுவரை சிரித்திருப்பீர்கள். பச்சை அட்டை வாங்கிய ஆசிரியையை நினைவிருக்கிறதா? எட்டு மாதம் கழித்து அவருடைய தங்கை மகள் அழைத்து வந்தாள். ஐயம்பேட்டைக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறி, எங்கே இறங்குவதென்று தெரியாமல் கடைசி வரை போய் உட்கார்ந்திருந்தாராம். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்தார். அவருக்கு உண்மையிலேயே நோய்தான். வாழ்நாளெல்லாம் பதினொரு மணி வரை புத்தகம் படித்துவிட்டு, ஐந்து மணிக்கு எழுந்த பெண்மணி. பதினொரு மணி நேரம் தூங்க ஆரம்பித்ததே அந்த ஒரு வருடமாகத்தான். "முன்ன எப்படி டீச்சர்?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எட்டு மாதம் முன்பே டாக்டரிடம் போயிருப்பார். நோய் நின்றிருக்காது; ஆனால் தன் காரியங்களைத் தன் புத்தியோடு ஒழுங்கு செய்துகொள்ள அவருக்கு அவகாசம் கிடைத்திருக்கும். நான் கை குலுக்கிவிட்டு வந்தேன். அந்தத் துக்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பல நாள் நான் தூங்கவே இல்லை.

ஓய்வு பெற்ற மறு வாரம், மதியம் மூன்று மணி இருக்கும், ஏகாம்பரமும் சுமதியும் என் வீட்டுக்கு வந்தார்கள். பூ, பழம், வெற்றிலை. காபி குடித்து முடித்ததும் அவர் நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"நர்ஸம்மா, எத்தன மணிக்குப் படுக்கற?"

"பன்னண்டு ஆவுதுங்க."

"எத்தன மணிக்கு எழுந்துக்கற?"

"ரெண்டு ரெண்டரைக்கே முழிப்பு வந்துடுது."

"மறுபடி தூக்கம் வராதா?"

"வர்றதில்ல."

"ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லு" என்றார். சுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பகல் தூக்கம், குறட்டை, இடையில் எழுவது, அசதி. ஒன்று விடவில்லை, வரிசையும் மாறவில்லை. ஒரு வருடத்துக்கு முன் ஒரே ஒரு முறை கேட்ட கேள்விகள். அவர் நினைவைச் சந்தேகித்து நான்தான் அட்டை எழுதிக் கொடுத்தவள். சட்டைப் பையிலிருந்து அந்தச் சிவப்பு அட்டையை எடுத்து, மடிப்பு நீக்கி, என் கையில் வைத்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"சிரிக்காத. இன்னும் முடியல" என்றார். "மாத்திரப் பைய எடுத்துக்கினு வா."

மறுக்க முடியுமா? கொண்டுவந்து டீப்பாயில் கொட்டினேன். சுகர் மாத்திரை, முட்டிக்கு ஒன்று, சத்து மாத்திரை. அதற்கடுத்து விழுந்ததைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றது. அவசரமாகக் கையை நீட்டினேன், அவர் முந்திக்கொண்டார். ஜன்னல் பக்கமாகத் திரும்பி, பட்டையை வெளிச்சத்தில் பிடித்து, எத்தனை காலி என்று விரலால் தடவிப் பார்த்தார்.

"யாருக்கும்மா அரிப்பு?" என்று கேட்டார்.